பாட்டியின் மிளகாய் ஏன் காயவில்லை?

உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு மிளகாய் வற்றலை எடுத்து வாருங்கள். காம்பைப் பிடித்துக்கொண்டு காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே விதைகள் கலகலவென்று சத்தம் போடுகின்றனவா? அப்படியானால் அது நன்றாகக் காய்ந்த மிளகாய். சத்தமே இல்லாமல், தோல் வார் போல வளைந்து கொடுக்கிறதா? அதற்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் எந்த விஞ்ஞானியும் அல்லர். நம் பாட்டிமார்தாம்!

தண்ணீரை வெளியேற்றுவது அவ்வளவு பெரிய காரியமா, வெயிலில் போட்டால் காய்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில், எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். அங்கே காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம். மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் அருகே ஒரு சிற்றூரில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர், கோணிமேல் பரப்பிய மிளகாயைப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று சிவப்புக் குவியல், சிறியது. மற்றொன்று கறுத்துப்போன குவியல், அதுதான் பெரியது.

"என்ன பாட்டி, மிளகாயைப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பூசணம் பூத்துப் போச்சு சார். கொல்லையில விளைஞ்சதுதான். பதினஞ்சு நாளா காயவைக்கிறேன், காயவே மாட்டேங்குது. கீழ் நாட்டுல நாலு வெயில்ல காயுதாமே, இங்க மட்டும் என்னா?"

"இந்தக் கறுப்பைக் கொட்டிடுவீங்களா?"

"கொட்டறதா? வருசத்துக்கும் குழம்புக்கு இதுதான் சார். நல்லதோட சேத்துப் போட்டு இடிச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

"வேண்டாம் பாட்டி, அது உடம்புக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னேன். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆவியாதலைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான்! வெயிலோ நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஏன் மிளகாய் காயவில்லை? மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் நானும் மாணவர்களும் போட்ட கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு தண்ணீர்?

செடியில் பழுத்த சிவப்பு மிளகாயின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். 10 கிலோ பழ மிளகாயை எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் 7.5 கிலோ, தோல், விதை, சதை முதலிய உலர் பொருள் 2.5 கிலோ. கெடாமல் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டுமானால், மிளகாயின் ஈரம் ஏறத்தாழ 10 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். அப்போது 2.5 கிலோ என்பது மொத்த எடையில் 90 சதவிகிதம். எனவே மொத்த எடை 2.5 ÷ 0.9, அதாவது சுமார் 2.8 கிலோ. ஆக, 10 கிலோ மிளகாயிலிருந்து 7.2 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு குடத்தில் பாதிக்கு மேல்!

இந்தத் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிலோ நீர் நம் ஊர்ச் சூட்டில் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறீர்கள். 7.2 கிலோவுக்கு ஏறத்தாழ 17,300 கிலோஜூல் ஆகிறது.

சூரியன் எவ்வளவு தருகிறது? தெளிவான ஒரு நாளில், நம் நாட்டில் ஒரு சதுர மீட்டர் தரையில் காலை முதல் மாலை வரை விழும் ஆற்றல் சுமார் 5 கிலோவாட் மணி. ஜூல் கணக்கில் 18,000 கிலோஜூல். என்ன வியப்பு பாருங்கள்! ஒரு சதுர மீட்டரில் ஒரே நாளில் விழும் வெயில், 10 கிலோ மிளகாயைக் காயவைக்கப் போதும்! ஆனால் மிளகாயோ நல்ல வெயிலிலேயே பத்து, பதினைந்து நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே குறை வெயிலில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

காற்றின் தாகம்

மிளகாயிலிருந்து கிளம்பும் நீராவியை யார் சுமந்து செல்கிறார்கள்? காற்றுதான். ஆனால் காற்று வரம்பில்லாமல் நீராவியை ஏற்காது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் இடம் அதிகமாகப் போனால் 17 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். சூடு ஏற ஏறக் காற்றின் 'பை' பெரிதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையில் எத்தனை பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். பாதி நிரம்பியிருந்தால் 50 சதவிகிதம். முழுவதும் நிரம்பிவிட்டால் 100 சதவிகிதம். அப்போது ஈரத்துணியும் காயாது, மிளகாயும் காயாது.

இப்போது வேலூரிலிருந்து மலைக்குப் போவோம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர் உயரம். காவலூர் சுமார் 725 மீட்டர். இடையே 500 மீட்டர் ஏற்றம். உயரே போகப் போக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. ஆகவே காவலூர் சுமார் 3 டிகிரி குளிர்ச்சி. மூன்று டிகிரிதானே என்று அலட்சியமாக எண்ணாதீர்கள். கீழே 30 டிகிரியில் பாதிப் பை நிரம்பிய காற்று, அதாவது 15 கிராம் நீராவி உள்ள காற்று, மேலே 27 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் பையின் அளவு 26 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. 50 சதவிகிதமாக இருந்த ஒப்பு ஈரப்பதம் இப்போது கிட்டத்தட்ட 58. நீராவி ஒரு துளியும் கூடவில்லை; காற்றின் தாகம்தான் குறைந்துவிட்டது!

பருவத்தையும் கவனியுங்கள். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அங்கே வடகிழக்குப் பருவமழையில் விதைத்து, மழை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் பழம் பறிக்கிறார்கள். காயும் காலமும் கோடையும் ஒன்று சேர்கின்றன. நம் பாட்டியின் கொல்லையிலோ ஆடி மழையை நம்பி நட்ட செடி, ஐப்பசி, கார்த்திகையில் பழுக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் அது. மழை நின்ற நாளிலும் காற்றில் ஈரம் நிறைந்தே இருக்கும்.

காற்று எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றையும் குளிரவைக்கிறது. அதனால் காற்று தன் பையில் மிச்சமுள்ள இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. ஈரமான நாளில் ஒரு கன மீட்டர் காற்று 3 கிராம் நீரைத்தான் எடுத்துச் செல்கிறது என்று கொள்வோம். 7.2 கிலோ நீரைச் சுமக்க 2,400 கன மீட்டர் காற்று தேவை. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள உங்கள் வகுப்பறையில் 90 கன மீட்டர் காற்று இருக்கிறது. ஆகவே 27 வகுப்பறைகளின் காற்று அந்த மிளகாயைத் தொட்டுச் செல்ல வேண்டும். குவியலாகக் கொட்டி வைத்தால், நடுவில் கிடக்கும் மிளகாயை எந்தக் காற்று தொடும்?

மெழுகுச் சட்டை

காற்று தொட்டாலும் போதாது. தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். மிளகாயின் தோல் பளபளவென்று இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பளபளப்பு மெழுகுப் படலத்தால் வருவது. இலைகளில் உள்ளதுபோல நீராவி வெளியேறும் நுண்துளைகள் மிளகாய்ப் பழத்தின் தோலில் இல்லை. செடியில் இருக்கும்போது பழம் வாடாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. காயவைக்கும் நமக்குத்தான் தொல்லை! உள்ளே இருக்கும் நீர், சதை வழியாக ஊர்ந்து வந்து, மெழுகைக் கடந்து, பிறகுதான் காற்றைச் சேர வேண்டும். ஒரு நாள் வெயிலின் ஆற்றல் போதுமானதாக இருந்தும் பல நாள் ஆவதன் முதற் காரணம் இதுதான்.

மோர் மிளகாய் போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துப் பிறகு காயவைக்கிறார்கள். கீறல் நீருக்கு வாசலைத் திறக்கிறது. உப்பு சவ்வூடு பரவல் மூலம் நீரை வெளியே இழுக்கிறது, கிருமிகளையும் தடுக்கிறது. ஆனால் உப்பில்லாமல் வெறும் மிளகாயைக் கீறினால், அந்த வாசல் வழியே பூசண வித்துகளும் நுழைந்துவிடும். அதனால்தான் வற்றலுக்கு முழு மிளகாயையே, காம்போடு காயவைக்கிறார்கள்.

இரவில் வரும் திருடன்

பகலில் கொஞ்சமாவது காய்கிறதே, பதினைந்து நாளில் காய்ந்திருக்க வேண்டாமா? இங்கேதான் எங்களுக்குக் காவலூர் உதவிக்கு வந்தது.

வானாய்வாளர்கள் தெளிந்த வானத்தைத் தேடி அலைகிறவர்கள். டாக்டர் வைணு பாப்பு, தென்னிந்தியாவில் நல்ல இடம் தேடி ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில், மறைந்த அந்த விஞ்ஞானியின் பெயர் வானாய்வகத்துக்குச் சூட்டப்பட்டது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. மலையில் மேகமற்ற இரவு அமைந்தால் விஞ்ஞானிகளுக்குக் கொண்டாட்டம். மிளகாய்க்கோ அதுவே கேடு!

எப்படி? எல்லாப் பொருள்களும் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வைபோல நின்று, கீழ்நோக்கியும் வெப்பத்தைக் கதிர்வீசும். மேகமில்லாத இரவிலோ, வெட்டவெளியில் கிடக்கும் பொருள் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துகொண்டே இருக்கும். திரும்பப் பெறுவது குறைவு. ஆகவே அது சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடும்.

மாலையில் காற்று 22 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 சதவிகிதம் என்போம். ஒரு கன மீட்டரில் 13.6 கிராம் நீராவி. இந்தக் காற்று 16 டிகிரிக்குக் குளிர்ந்தால் பை நிரம்பிவிடும். அதுவே அதன் பனிநிலை. நள்ளிரவில் காற்று 18 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் பனிநிலையைத் தொடவில்லை. ஆனால் வானைப் பார்த்துக் கிடக்கும் மிளகாய் 15 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டது! அதைத் தொடும் காற்று உடனே நீரைத் துளிகளாக விட்டுவிடுகிறது. விடியும்போது ஒரு சதுர மீட்டரில் 100, 200 கிராம் பனிநீர் சேர்ந்திருக்கக்கூடும். காலை வெயிலின் முதல் வேலை இந்த நீரைப் போக்குவதே. பகலில் இரண்டடி முன்னே, இரவில் ஓரடி பின்னே. இதற்கிடையில் பூசணம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பனி வானத்திலிருந்து தூவுவதில்லை, குளிர்ந்த பரப்புகளில் காற்றின் நீராவி படிவதே பனி என்பதைச் சோதனைகளால் விளக்கியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1814இல் வெளிவந்த அவருடைய பனி பற்றிய கட்டுரை புகழ்பெற்றது. அவர் செய்த ஒரு சோதனை மிக எளிது. ஒரு பலகையின் மேற்புறத்தில் கொஞ்சம் கம்பளி, அடிப்புறத்தில் அதே எடையுள்ள கம்பளி. காலையில் எடை போட்டால் மேலே இருந்த கம்பளியில் அதிகப் பனி. கீழே இருந்ததில் குறைவு. கீழே இருந்த கம்பளிக்கு வானம் தெரியவில்லை அல்லவா? அதுதான் காரணம்.

விடை எங்கள் கைக்கு வந்துவிட்டது. மிளகாய்க்கு வானம் தெரியக்கூடாது. ஆனால் காற்று தெரிய வேண்டும். அப்படி ஓர் இடம் எது? கூரையின் தாழ்வாரம்! தரையில் அல்ல, அந்தரத்தில்!

சரம் கோத்தல்

மிளகாயைச் சரமாகக் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருக்கிறது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகே மற்ற நாடுகளுக்குப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் தந்தது மிளகு. மிளகுபோல் காரமான காய் ஆதலால் மிளகாய் என்று பெயரிட்டார்கள்!

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அறுவடைக் காலத்தில் வீட்டு வாசல்களில் சிவப்பு மிளகாய்ச் சரங்கள் தொங்கும். அங்குள்ள சாண்டா ஃபே நகரம் 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையைவிட எவ்வளவோ உயரம், எவ்வளவோ குளிர். ஆனாலும் சரம் நன்றாகக் காய்கிறது. ஏன்? அது வறண்ட நிலம். காற்றில் ஈரம் குறைவு. எதிரி குளிர் அல்ல, ஈரமே என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டில் பாப்ரிகா மிளகாயை இலையுதிர் காலத்தில் நூலில் கோத்துக் கூரை விளிம்பின் அடியில் தொங்கவிடுவார்கள். வெயில் இளைத்துப்போன அந்தப் பருவத்தில் அவர்கள் காற்றைத்தான் நம்பினார்கள். அந்நாட்டின் செகெட் நகரில், ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜி என்ற விஞ்ஞானி 1930களில் இந்த மிளகாயிலிருந்துதான் வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (காய்ந்த மிளகாயில் இந்த வைட்டமின் பெரும்பாலும் அழிந்துவிடும். காரம் தரும் காப்சைசின் மட்டும் நிலைத்து நிற்கும்.)

சரம் கோப்பது எப்படி? கோணி ஊசியும் சணல் நூலும் போதும். ஊசியை மிளகாயின் காம்பில் ஏற்றுங்கள். சதையில் குத்த வேண்டாம். குத்திய இடத்தில் பூசணம் நுழையும். மல்லிகைச் சரம்போல நெருக்கித் தொடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் காயாது. இரண்டு மிளகாய்களுக்கு இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். நான்கைந்து மிளகாய்க்கு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் எல்லாம் நழுவிக் கீழே குவியாது. ஒரு பழம் 4 கிராம் என்றால் 10 கிலோவுக்கு 2,500 பழம். சரத்துக்கு 50 வீதம் 50 சரம். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு பொழுதில் முடியும் வேலை. சரத்துக்குச் சரம் ஒரு சாண் இடைவெளி விட்டு, மழைச்சாரல் அடிக்காத பக்கத்துத் தாழ்வாரத்தில் கட்டுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. மிளகாயின் சிவப்பு நிறமிகள் கடும் வெயிலில் நாளடைவில் வெளுத்துப்போகும். நிழலில் காயும் சரத்துக்கு அந்தப் பயம் குறைவு. நேரம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

காற்றின் ஈரம் நாள்கணக்கில் 80 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால் சரமும் காயாது. ஏனெனில் மிளகாயின் ஈரம் கடைசியில் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்குத்தான் வரும். அதற்குக் கீழே இறங்காது. அப்போது காற்றைச் சூடாக்க வேண்டும். முன்பு சொன்ன 13.6 கிராம் நீராவியுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 27 சதவிகிதமாக விழுந்துவிடும்! சூரிய உலர்த்தி செய்யும் வேலை இதுதான். மேலே கண்ணாடி அல்லது பாலித்தீன் தாள், உள்ளே கறுப்புத் தகடு, கீழே காற்று நுழைய வழி, மேலே வெளியேற வழி. 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் மட்டும் நிறம் கெடும், கவனம் தேவை.

யாருக்குத் தெரியும்?

இப்போது பாட்டியின் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். "இடிச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. நோய் என்னவென்றே முதலில் புரியவில்லை. கடைசியில் அவற்றுக்குக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் குற்றவாளி அகப்பட்டது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அதில் வளர்ந்து ஒரு நச்சை உண்டாக்கியிருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இது கல்லீரலைத் தாக்குகிறது. நெடுநாள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. சரியாகக் காயாத மிளகாயிலும் இந்தப் பூசணம் வளரும். மண்ணில் அதன் வித்துகள் நிறைய இருப்பதால், வெறுந்தரையில் காயப்போடும் மிளகாய்க்கு ஆபத்து அதிகம்.

குழம்பு கொதித்தால் நச்சு போய்விடாதா? போகாது. சாதாரணச் சமையல் சூட்டில் அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் அழிவதில்லை. இடித்தாலும் அழியாது, கண்ணுக்கு மட்டும்தான் மறையும். சிறு கறுப்புக் குவியல் நல்ல மிளகாய் முழுவதிலும் கலந்துவிடும். ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ மிளகாயில் மொத்தம் 10 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சினுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அது எவ்வளவு தெரியுமா? 100 டன் மிளகாயில் 1 கிராம்! பத்து லாரிச் சுமையில் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் கல்லீரலுக்குத் தெரியும்.

ஆகவே பூசணம் பூத்த மிளகாயைத் தூர எறிவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கொல்லையில் விளைந்ததை நம்பியிருக்கும் ஒரு வீட்டில், எறி என்று சொல்வது எளிது, எறிவது எளிதல்ல. எறியும் நிலை வராமல் காயவைப்பதே அறிவு.

நீங்களே செய்து பாருங்கள்

பழுத்த சிவப்பு மிளகாயில் 100 கிராம் வீதம் மூன்று பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பங்கை ஒரு கிண்ணத்தில் குவியலாக வையுங்கள். இரண்டாவதைத் தட்டில் பரப்பி இரவும் பகலும் வெட்டவெளியில் விடுங்கள். மூன்றாவதைச் சரமாகக் கோத்துத் தாழ்வாரத்திலோ காற்றோட்டமுள்ள ஜன்னலிலோ கட்டுங்கள். தினமும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மூன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை கிடை அச்சிலும் எடையைக் குத்தச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள்.

வெட்டவெளித் தட்டின் கோடு தெளிந்த இரவுகளில் ஏறி இறங்குகிறதா? சரத்தின் கோடு எப்படிப் போகிறது? எடை ஏறத்தாழ 28 கிராமுக்கு வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். (ஏன் 28 என்று மேலே போட்ட கணக்கிலிருந்து நீங்களே சொல்லுங்கள்.) அப்போது காதருகே ஆட்டிப் பாருங்கள், காம்பையும் ஒடித்துப் பாருங்கள். விதை கலகலத்தாலும் காம்படியில் ஈரம் ஒளிந்திருக்கலாம். காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். மிளகாயைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்! காரம் நீரில் எளிதில் கரையாது. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் நாங்கள் மீண்டும் மலைக்குப் போனோம். கோணி ஊசியும் சணலும் கொண்டுபோய், பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மாணவர்கள் சரம் கோத்துக் கொடுத்தார்கள். மார்கழிக் கடைசியில் இரண்டு மாணவர்கள் மட்டும் போய்ப் பார்த்து வந்தார்கள். பெரும்பாலான சரங்கள் நன்றாகக் காய்ந்திருந்தனவாம். நெருக்கிக் கோத்த நாலு சரங்களில் பூசணம் பூத்திருந்தது. அவை ஒரு மாணவர் அழகுக்காகக் கோத்தவை! விடாமல் மழை பெய்த நாள்களில் பாட்டி சரங்களை அவிழ்த்துக்கொண்டுபோய் உள்ளே அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறார். அடுப்பின் சூடு காற்றின் பையைப் பெரிதாக்கும் அல்லவா? அதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. அவரே கண்டுகொண்டார்.

அந்த முதல் ஆண்டுக் கறுப்புக் குவியலை என்ன செய்தார் என்று கேட்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. அன்று காலையிலேயே அவர் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பமும் ஒப்பு ஈரப்பதமும் பரீட்சைத் தாளோடு நின்றுவிட வேண்டியவை அல்ல. நாளைக்கு உங்களிடமும் ஒரு பாட்டி கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.